கடுக்காய் நீரும் தோலின் ஆயுளும்

தோலைப் பதனிடும் கலையை அரபு மொழியில் ‘திபாக்’ என்பர். மார்க்கச் சட்ட நூல்களில் தூய்மை பற்றிய பாடத்திலேயே இச்சொல் இடம்பெறுகின்றது. தானாக இறந்த பிராணியின் தோலும் பதனிடப்பட்டால் தூய்மையடையும் என்பது நபிமொழி வழி வந்த விதி. பன்றித் தோலை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டும் விலக்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹப் நாய்த் தோலையும் விலக்குகின்றது.

பதனிடுதல் என்றால் என்ன என்பதில் சட்ட அறிஞர்கள் செய்த ஆய்வு நுட்பமானது. வெயிலில் உலர்த்துவதும் மண்ணிட்டுத் தேய்ப்பதும் போதும் என்பர் ஹனஃபிகள். துவர்ப்பு அல்லது காரம் மிக்க பொருளைக் கொண்டே பதனிட வேண்டும் என்பர் ஷாஃபிஈகள். அவ்வாறு பதனிட்ட தோலை மீண்டும் நீரில் இட்டாலும் அழுகலும் துர்நாற்றமும் திரும்பக் கூடாது என்பது அவர்கள் வைக்கும் சோதனை. இன்றைய அறிவியலின் விளக்கமும் இதற்கு நெருக்கமானதே. துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்துவிடுவதால் நுண்ணுயிர்களால் அதனை எளிதில் சிதைக்க இயலுவதில்லை.

இக்கலையில் முஸ்லிம் உலகம் அடைந்த சிறப்புக்கு பிரெஞ்சு மொழியே சான்று பகர்கின்றது. செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் ‘கொர்தொன்னியே’ என்ற சொல் ஸ்பெயினின் குர்துபா (கோர்டோபா) நகரப் பெயரிலிருந்து பிறந்தது. நூல் கட்டும் ஆட்டுத் தோலுக்கு வழங்கும் ‘மரோக்கேன்’ என்ற பெயர் மொராக்கோவைச் சுட்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் தோல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சென்னை மாகாணத்தின் ஏற்றுமதித் தோல் தொழிலுக்கு வித்திட்டவராக, புதுச்சேரியைச் சேர்ந்த ஐரோப்பிய-இந்தியக் கலப்பினத்தவரான சார்லஸ் டி சூசா என்பவரைத் தோல் தொழில் பற்றிய பழைய பதிவுகள் குறிப்பிடுகின்றன. காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் விரைவில் சிவந்துவிடும். பட்டையில் ஊறிய தோலை இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்தால் அச்சிவப்பு கட்டுப்படும்; இளமஞ்சள் நிறம் நிலைக்கும். இச்சீர்திருத்தமே அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. அரபு மருத்துவ நூல்கள் ‘இஹ்லீலஜ்’ என்று போற்றும் அதே கடுக்காய்தான் இது.

இவ்வகை அரைப்பதனீட்டுத் தோல் லண்டன் சந்தைக்குப் பெருமளவில் சென்றது. பெரியமேடு, வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய இடங்களின் முஸ்லிம் வணிகர்கள் இதில் முன்னின்றனர். அச்செல்வத்தின் ஒரு பகுதி கல்விக்குச் சென்றது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1924இல் ஆம்பூர் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர், உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவினார்.

ஆயினும் கடுக்காய் நீர் முழுப் பாதுகாப்பு அன்று. நூல்களின் தோல் அட்டைகள் பொடியாக உதிர்வதன் காரணத்தை ஆராய லண்டன் கலைக் கழகம் அமைத்த குழு 1901இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஒளியாலும் விளக்கு வாயுவின் புகையாலும் மிக விரைவில் கெடுபவை இந்தியப் பட்டைத் தோல்களே என்று அது கண்டது. சுமாக் இலையில் பதனிட்டவை, அதாவது பழைய மொராக்கோத் தோலின் வழி வந்தவை, நீடித்து நின்றன. சுமாக்கும் கடுக்காயும் ஒரே வகைத் துவர்ப்பைச் சேர்ந்தவை. ஆவாரம் பட்டை வேறு வகை. டி சூசாவின் முறை பயன் தந்ததற்கும், அப்பயன் ஓர் எல்லையோடு நின்றதற்கும் காரணம் இதுவே.

பின்னர் குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தது. அமெரிக்காவில் 1884இல் ஷுல்ட்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இதனைச் சென்னையில் அறிமுகப்படுத்தினார். இன்றைய கார் இருக்கைத் தோல்களில் பல இவ்வகையின. மேலே நிறமும் மெல்லிய செயற்கைப் பூச்சும் கொண்டவை. புதுச்சேரியில் 1978இல் தொடங்கிய ‘ஹைடிசைன்’ நிறுவனமோ தாவரப் பதனீட்டுத் தோலுக்கே பெயர் பெற்றது.

இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாத் தோலுக்கும் எண்ணெய் தடவுவது தவறு. பூச்சுள்ள கார் இருக்கையில் தேங்காயெண்ணெய் உள்ளே இறங்குவதில்லை. மேலே தங்கி அழுக்கைப் பிடிக்கும். மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து, வேறு ஈரத்துணியால் சோப்பை நீக்கி, நிழலில் உலர்த்துவதே போதுமானது. ஸ்பிரிட்டும் தின்னரும் பூச்சைக் கரைத்துவிடும். கடற்காற்று வீசும் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது காற்றோட்டமே முதல் மருந்து. தாவரப் பதனீட்டுத் தோலில் ஈர இரும்பு பட்டால் கருங்கறை விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மையாவது போன்ற வினையே அது.

நம் மதரசா நூலகங்களிலுள்ள பழைய நூல்களின் செய்தி இதனினும் கவலைக்குரியது. தொட்டால் செந்தூளாக உதிரும் அட்டைக்கு எண்ணெயோ நீரோ காட்டலாகாது; இரண்டும் அதனைக் கருக்கி இறுகச் செய்யும். அமிலமற்ற தாளில் சுற்றி, வெளிச்சம் படாத பெட்டியில் வைத்து, நூல் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுதல் வேண்டும். உள்ளே இருக்கும் ஏட்டைக் காக்கவே அந்த அட்டை அமைந்தது. அதனைப் பேணுவது அந்நூல்களை நம்மிடம் ஒப்படைத்துச் சென்றவர்களுக்கு நாம் ஆற்ற வேண்டிய அமானிதம்.