"நாங்கள் செய்த பொருளா இது?" - கடைக்காரரின் பொறுப்பு பிறந்த கதை



வாங்கிய பொருளால் கேடு வந்தால் யாரைக் கேட்பது? இதுதான் இன்று இந்த மன்றத்தின் முன் உள்ள கேள்வி. புதிதாக வாங்கிய ரைஸ் குக்கர் தீப்பற்றி, சமையலறை மேசையும் அலமாரியும் கருகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போனால், "நாங்கள் செய்த பொருளா இது? பெட்டியில் வந்ததை அப்படியே விற்றோம். கம்பெனியைப் போய்க் கேளுங்கள்" என்ற பதில் வரக்கூடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நம்மில் பலர் அதோடு வீடு திரும்பியும் விடுகிறோம். ஆனால் சட்டம் இந்தப் பதிலை ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

ஒரு காலத்தில் ஆங்கிலேயச் சட்டத்தின் பொது விதி, 'வாங்குகிறவனே, விழித்துக்கொள்' என்பதுதான். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தும், தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்தும் வாங்கிய காலத்துக்கு அது பொருந்தியது. புட்டியிலும் டின்னிலும் அடைத்த பொருள்கள் கடைக்கு வந்த பிறகு, வாங்குகிறவர் எதைப் பார்த்து விழித்துக்கொள்வது? நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விதியைத் தளர்த்தின. அந்தத் தீர்ப்புகளையெல்லாம் தொகுத்து, மெக்கென்சி சால்மர்ஸ் என்ற சட்ட அறிஞர் எழுதிய வரைவே 1893-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; கடையில் விற்கத்தக்க தரமும் அதற்கு இருக்க வேண்டும். இந்த இரண்டு வாக்குறுதிகளையும் விற்பவர் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே சட்டம் எடுத்துக்கொண்டது.

1905-இல் லண்டனில் ஒரு வழக்கு. ஒரு பால் நிறுவனத்திடம் ஒருவர் வீட்டுக்குப் பால் வாங்கிவந்தார். பாலில் டைபாய்டு கிருமி இருந்தது. அவருடைய மனைவி நோயுற்று இறந்துபோனார். "எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்திருக்க முடியாதே" என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விற்றவர் கவனமாக இருந்தாரா என்பது கேள்வியே அல்ல. விற்ற பொருள் குடிக்கத் தகுந்ததா என்பதே கேள்வி என்று தீர்ப்பாயிற்று.

மருத்துவரும் கம்பளி உள்ளாடையும்

இந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1931 ஜூன் மாதம் அடிலெய்ட் நகரில் கிராண்ட் என்ற மருத்துவர் ஜான் மார்ட்டின் என்ற பெரிய கடையில் கம்பளி உள்ளாடைகள் வாங்கினார். தயாரித்தது ஆஸ்திரேலியன் நிட்டிங் மில்ஸ் என்ற ஆலை. மாத இறுதியில் ஒரு நாள் காலையில் அணிந்தார். அன்று மாலைக்குள் கணுக்காலில் அரிப்பு எடுத்தது. பிறகு உடல் முழுவதும் தோல் அழற்சி பரவியது. 17 வாரங்கள் படுக்கையில் கிடந்தார். தேறிவிட்டது என்று நினைத்தபோது நோய் திரும்பி வந்து மறுபடியும் பல மாதம் மருத்துவமனையில் படுக்க வைத்தது. உயிர் போய்விடும் என்றே அஞ்ச வேண்டிய நிலை.

கம்பளியைப் பதப்படுத்தும்போது பயன்படுத்திய சல்ஃபைட் ரசாயனம் சரியாகக் கழுவப்படாமல் துணியில் தங்கிவிட்டது என்பது அவர் தரப்பு வாதம். ஆலை தரப்போ, இதே வகை ஆடைகள் 47 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறோம், இப்படிப் புகார் வந்ததே இல்லை, குறை மருத்துவரின் தோலில்தான் என்றது. தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிபதி 20 நாள் விசாரித்து, மருத்துவருக்கு 2,450 பவுன் இழப்பீடு அளித்தார். கடையும் ஆலையும் மேல்முறையீடு செய்தன. 1933-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நோயில் உழன்றவர் வெறுங்கையோடு நின்றார்.

அவர் விடவில்லை. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1935 அக்டோபரில் ரைட் பிரபு தீர்ப்பு வாசித்தார். ஆலையும் பொறுப்பு, கடையும் பொறுப்பு. மருத்துவருக்கு இழப்பீடு உண்டு. உள்ளாடையை எதற்கு வாங்குகிறேன் என்று எவரும் கடையில் விளக்கிச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கடைக்காரர் தேர்ந்து நல்ல சரக்கைத்தான் வைத்திருப்பார் என்று நம்பித்தான் மக்கள் கடைக்குள் வருகிறார்கள். மேசைமேல் பரப்பிவைத்த பொருளைக் கண்ணால் பார்த்து வாங்கினாலும் அந்த நம்பிக்கை மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ரசாயனத்தைப் பார்த்தா வாங்க முடியும்?

ஆஸ்திரேலிய வழக்குக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அன்று மலாயா, சிங்கப்பூர் வழக்குகளுக்கும் அந்தப் பிரிவி கவுன்சில்தான் கடைசிப் படி. அதே 1893 சட்டத்தின் சாயலில் இந்தியாவில் 1930-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த இந்தியச் சட்டத்தை ஒட்டியே 1957-இல் மலாயாவின் பொருள் விற்பனைச் சட்டம் எழுதப்பட்டது.

வாங்கியவர் யார்?

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வாக்குறுதி கடைக்காரர் வாங்கியவருக்குக் கொடுப்பது. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் டோனகியூ என்ற பெண் குடித்த இஞ்சி பானப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு. காசு கொடுத்து வாங்கியவர் அவருடைய தோழி. ஆகவே கடைக்காரர் மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட டோனகியூவுக்கு வழியில்லை. அவர் தயாரிப்பாளர்மேல் வழக்குத் தொடுத்து, 1932-இல் பிரபுக்கள் சபையில் புதிய சட்டவழியையே திறந்தார். ஆனால் தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அது கடினமான வேலை. கடைக்காரரிடம் ஒப்பந்தப்படி கேட்பவருக்கு அந்தச் சுமை இல்லை. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள் என்று பயனீட்டாளர் சங்கங்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான்.

சிறு கடைக்காரருக்கு இது அநியாயம் இல்லையா என்று மளிகைக் கடை நடத்தும் நம்மவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் வாங்கியவர்தானே? அதே வாக்குறுதி அவருக்கும் உண்டு. சுமையை அவர் மேலே தள்ளலாம். மொத்த வியாபாரி ஆலையிடம் தள்ளலாம். வீட்டில் இருக்கும் பயனீட்டாளருக்கு மட்டும் தள்ளிவிட வேறு ஆள் இல்லை. ஆகவே கடைக்காரர்களும் பில்லை எறிந்துவிடக் கூடாது.

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமையை மேலும் உறுதியாக்கியது. சட்டம் தரும் உத்தரவாதத்தை ஒரு அறிவிப்புப் பலகையை மாட்டி இல்லாமல் ஆக்கிவிட முடியாது. அச்சட்டம் அமைத்த நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த வரம்பு 2019-இல் 50,000 ஆக உயர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். கருகிய மேசைக்கு அங்கே கேட்கலாம்; உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் 1985 முதல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 2012 முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது.

பொருளைத் தவறாகப் பயன்படுத்திவிட்டுக் கடைக்காரரைப் பிடிக்க முடியாது. குறையைச் சொல்லியே விற்றிருந்தால் அந்தக் குறைக்காகவும் கேட்க முடியாது. மற்றபடி, கெட்டுப்போன பொருளை எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். "கம்பெனியைப் போய்க் கேளுங்கள்" என்று சொன்னால், "உங்களிடம்தான் வாங்கினேன், நீங்கள் கேளுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அடிலெய்ட் மருத்துவர் நான்கு ஆண்டு போராடிப் பெற்ற பதில் அது.