தொப்பிக் கடை வாசலில் கொக்குக் குஞ்சுகள்

1911 ஜூலையில் லண்டன் வெஸ்ட் எண்ட் கடைத்தெருவில் சில ஆட்கள் கழுத்தில் தட்டி மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். தட்டியில் கொக்குப் படங்கள். கூட்டில் குஞ்சுகளோடு நிற்கும் வெள்ளைக் கொக்கு. பிறகு சுடப்பட்டுக் கிடக்கும் கொக்கு. பிறகு இரைக்குக் காத்துக் காத்து ஓய்ந்துபோன குஞ்சுகள். அவர்கள் கடந்து போன கடைகளுக்குள் அதே இனத்துக் கொக்குகளின் தூவி, தொப்பியில் செருகி விற்பனைக்கு இருந்தது.

அந்தத் தூவியை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தால் இவ்வளவு பித்து ஏன் என்று புரிந்துவிடும். சாதாரண இறகில் நுண்ணிழைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு தகடாக நிற்கும். கொக்கின் முதுகிலிருந்து கிளம்பி வாலைத் தாண்டித் தொங்கும் தூவியில் அந்தக் கொக்கிகள் கிடையாது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக அலையும். பக்கத்தில் மூச்சு விட்டாலே நடுங்கும். சீமாட்டி தலையைத் திருப்பினால் தொப்பியே உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். எடைக்கு எடை தங்கத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போன சரக்கு அது.

ஆனால் கொக்குக்கு இந்த அலங்காரம் வருடம் முழுக்க இருக்காது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் மட்டும்தான். வேட்டைக்காரனுக்கு அதுவே வசதி. குஞ்சு பொரித்துவிட்டால் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் தாயும் தகப்பனும் கூட்டை விட்டு ஒரேயடியாகப் போகாது; சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். நின்ற இடத்திலேயே நின்று சுடலாம். முதுகுத் தோலை உரித்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே வீசிவிட்டுப் போய்விடுவார்கள்.

வியாபாரிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கொக்குகள் தாமாக உதிர்த்த தூவியைக் கீழே பொறுக்கித்தான் விற்கிறோம் என்றார்கள். சில கடைகளில் இது செயற்கைத் தூவி என்றே சொல்லி விற்றார்கள். சேற்றில் விழுந்து தேய்ந்த தூவி தொப்பிக்கு உதவாது என்பது பறவை தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொப்பி வாங்கப் போகிறவருக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்புச் சங்கங்கள் துண்டறிக்கை மேல் துண்டறிக்கையாக அடித்தன. அறிக்கைக்கு மறுப்பு அறிக்கை வந்தது, அவ்வளவுதான்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஆர்தர் மாட்டிங்லி வருகிறார். மெல்பர்ன்காரர், ஆஸ்திரேலியாவில் 1901-இல் பறவையியல் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1906-இல் நியூ சவுத் வேல்ஸில், மரே ஆற்றை ஒட்டிய மத்தூரா என்ற ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில், கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்த இடத்தைப் படமெடுக்கப் போனார். அந்தக் காலத்துக் கேமரா என்றால் மரப்பெட்டி, கண்ணாடித் தகடு. தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும் லென்ஸ் அப்போதே உண்டு என்றாலும் இன்றையதைப்போல வேகமானதல்ல. கூடுகளோ தண்ணீருக்குள் நிற்கும் உயரமான யூக்கலிப்டஸ் மரங்களின் உச்சியில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறித்தான் ஆகவேண்டும்; ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தகடு.

இன்று வேடந்தாங்கல் கரையில் பெரிய லென்ஸோடு நிற்கிறவர் இதைப் படித்தால் முகம் சுளிப்பார். கூட்டை நெருங்கிப் படமெடுப்பது இப்போது தப்பு; பல போட்டிகளில் கூட்டுப் படம் என்றாலே ஒதுக்கிவிடுகிறார்கள். சரியான விதிதான். கொக்கினத்துக்கு மிகவும் கைகொடுத்த படங்கள் அந்த விதிப்படி தேறாது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மாட்டிங்லி மறுபடியும் அங்கே போனபோது வேட்டைக்காரர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். நீர்ப்பாசி மேலும் கட்டைகள் மேலும் ஐம்பது கொக்குகளாவது செத்துக் கிடந்தன. அநாதையாக விடப்பட்ட குஞ்சுகள் இருநூறு இருக்கும் என்று கணக்கிட்டார். பசியில் கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள், கத்தக்கூடத் தெம்பில்லாதவை, கூட்டிலிருந்து விழுந்தவை. அழகுக்காகக் கொண்டுவந்த கேமராவை இவற்றின் பக்கம் திருப்பினார். முந்தைய படங்களில் குடும்பம் நடத்திய கொக்குகளும் இந்தப் படங்களில் கிடந்தவையும் ஒரே சதுப்பைச் சேர்ந்தவை. ஒரே இடத்தின் முன்னும் பின்னும் அடுத்தடுத்து வந்துவிட்டபோது, உதிர்ந்ததைப் பொறுக்கினோம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

1907-இல் அவருடைய சங்கத்தின் 'எமு' இதழில் இந்தப் படங்கள் கட்டுரையோடு வெளிவந்தன. இங்கிலாந்தில் பெண்கள் 1889-இல் தொடங்கிய பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்தப் படங்களைக் கையில் எடுத்தது. இறகுத் தொப்பியை எதிர்ப்பதற்கென்றே பிறந்த சங்கம் அது; 1904-இல் ராயல் பட்டமும் பெற்றிருந்தது. அறிக்கையைப் படிக்க மாட்டேன் என்கிறவர்கள் கண்ணெதிரே படத்தைக் கொண்டுபோய் நிறுத்து என்ற யோசனைதான் 1911-இல் தட்டியாக நடந்தது.

சட்டம் உடனே வந்துவிடவில்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு 1902-லேயே இறகு ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. லண்டன் வாங்கத் தயாராக இருந்ததால் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டேதான் இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தடை மசோதாக்கள் வருவதும் விழுவதுமாகக் காலம் ஓடியது. பழியெல்லாம் தொப்பி அணிந்த பெண்கள் தலையில். 1920-இல் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். சுடுகிறவனும் ஆண், விற்கிறவனும் ஆண், குழுக் கூட்டத்துக்கு வராமல் மசோதாவைக் கிடப்பில் போட்ட உறுப்பினர்களும் ஆண்கள்தானே என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கடைசியில் 1921-இல் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு அமலுக்கு வந்தது. அதுவும் இறக்குமதியை மட்டும்தான் தடுத்தது. ஏற்கெனவே உள்ளே வந்ததை விற்கலாம், அணியலாம். தீக்கோழி இறகுக்கு விலக்கு. அதற்குள் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். கொண்டை மேல் ஊசி குத்தி நிறுத்தும் அகலத் தொப்பி குட்டை முடியில் நிற்காது. கொக்கு பிழைத்ததில் மாட்டிங்லிக்கு எவ்வளவு பங்கு, முடி வெட்டியவருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம்.