எல்ம்டவுன் பள்ளிக்கூடம்

தொலைதூரத் தீவுகளிலும் காடுகளிலும் வாழ்ந்த மக்களின் வழக்கங்களை ஆராய்வதே மேனாட்டு அறிஞர் பலர்க்கு நெடுங்காலம் பணியாக இருந்தது. அதே கண்கொண்டு தம் சொந்த ஊர்களையும் நோக்கும் எண்ணம் 1920-களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. இராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்னும் தம்பதியர் இந்தியானா மாநிலத்து மன்சி நகரை ஆராய்ந்து, 'மிடில்டவுன்' என்ற நூலை 1929-இல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே ஆய்வு செய்து திரும்பிய லாயிட் வார்னர், 1930-களில் நியூபரிபோர்ட் என்னும் கடற்கரை நகரை அவ்வாறே ஆராயப் புகுந்தார். இவ்வரிசையில், கல்விப் பணியில் இருப்போர் தவறாது அறிய வேண்டியது ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1949-இல் வெளியிட்ட 'எல்ம்டவுனின் இளைஞர்' என்னும் நூலாகும்.

எல்ம்டவுன் என்பது புனைபெயர். இல்லினாய்ஸ் மாநிலத்தில், சோள வயல்கள் சூழ்ந்த, ஏறத்தாழ 6,000 மக்கள் வாழ்ந்த மாரிஸ் என்னும் சிற்றூரே அது. ஹாலிங்ஸ்ஹெட்டும் அவர்தம் துணைவியாரும் 1941-இல் அங்குக் குடியேறினர். வினாத்தாள்களை அஞ்சலில் அனுப்பி விடைக்குக் காத்திருக்கும் ஆய்வன்று அது. பள்ளி வாயிலிலும் தேவாலய நிகழ்ச்சிகளிலும் இளைஞர் கூடும் இடங்களிலும் அவர்கள் கலந்து பழகினர். கண்டதையும் கேட்டதையும் குறித்துக்கொண்டனர்.

அவ்வூரார் தம்முள் உயர்வு தாழ்வு இல்லை என்றே கூறினர். ஆயினும் இன்ன குடும்பம் இன்ன நிலையது என்று பிரித்துக் காட்டுவதில் அவர்களுக்குத் தடுமாற்றமே இருக்கவில்லை! அவர்கள் வாய்மொழியைக் கொண்டே ஹாலிங்ஸ்ஹெட் ஊரை ஐந்து படிகளாக வகுத்தார். உயர்நிலைப் பள்ளிப் பருவத்தினர் 735 பேர் எவ்வெப் படியைச் சேர்ந்தவர் என்றும் கண்டறிந்தார்.

பள்ளிப் பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் அவர் 390 பேரையே கண்டிருப்பார். பதிவேட்டில் பெயரில்லாத 345 பேரையும் தேடிச் சென்றதே அவர் ஆய்வின் சிறப்பு. மேலிரு படிகளைச் சேர்ந்த 35 பேரும் பள்ளியில் இருந்தனர். கடைசிப் படியினர் 230 பேரில் பள்ளியில் இருந்தவர் 26 பேரே. எஞ்சிய 204 பிள்ளைகளைப் பற்றி, 'அக்குடும்பங்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்பதே ஊராரின் விளக்கம். ஆசிரியர் சிலரும் அதையே நம்பினர். பள்ளிக்குச் செல்வதற்கான சில்லறைச் செலவுகளும், கிழிந்த உடையைக் கண்டு எழும் ஏளனமும், அழைப்பின்றி விலக்கப்படும் நட்பு வட்டங்களும் அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை. கல்விக் குழுவில் அமர்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் மேற்படியினர். பள்ளிக்கென வரி உயர்வதை விரும்பாதவர்கள்.

நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. காலந்தாழ்த்தி வருவோர் பள்ளி முடிந்தபின் தங்கியிருக்க வேண்டும் என்று விதி செய்தனர். வசதிமிக்க வீட்டுப் பையன் ஒருவன் அவ்விதியை மீறினான். அவனை அலுவலகத்தில் சிறிது நேரம் அமர்த்தி வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். கீழ்ப்படியைச் சேர்ந்த வேறொரு பையன் பிழை செய்தபோது, வலுக்கட்டாயமாக வெளியே தள்ளப்பட்டான். விதி ஒன்றே, அதைக் கையாண்ட கைகளும் அவையே. அவர்கள் கொடியவர்கள் அல்லர். பெற்றோரின் முகம் பார்த்து முடிவு செய்தனர்; அவ்வாறு செய்ததைத் தாமே உணர்ந்திலர். பிரம்பைக் கையில் எடுத்த ஆசிரியர் எவரும் இப்பகுதியை விரைந்து படித்துவிட முடியாது.

இவ்வகை ஆய்வுகளுக்கு மறுப்பும் எழுந்தது. வார்னரின் நூலை 1942-இல் மதிப்பிட்ட ரைட் மில்ஸ், பொருளுடைமையையும் மதிப்பையும் அதிகாரத்தையும் ஒன்றாகக் குழப்பியிருப்பதாகச் சாடினார். அச்சாடலில் நியாயம் உண்டு. ஊரார் ஒருவரைப் பற்றிப் பேசும் பேச்சு வேறு. அவர் கையில் உள்ள நிலமும் தொழிற்சாலையும் வேறு. எனினும், பள்ளி வாயிலில் ஒரு சிறுவனை நிறுத்துவதற்கு ஊர்ப்பேச்சே போதுமானதாய் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பின்னர் 1966-இல், ஏறத்தாழ 6 இலட்சம் மாணவரை ஆராய்ந்த ஜேம்ஸ் கோல்மன் குழுவினர், பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலே கல்வித் தேர்ச்சியோடு மிகுதியாகத் தொடர்புற்றிருப்பதாக அறிவித்தனர். ஹாலிங்ஸ்ஹெட் அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றார். அங்குத் தாம் கண்டவற்றைப் பழைய நூலுடன் சேர்த்து 1975-இல் வெளியிட்டார். 1941-இல் அவர் கண்ட பிள்ளைகள் அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருந்தனர்.