பற்றவைத்தால் நிறுத்த முடியாது: ராக்கெட்டின் திட எரிபொருள் எரிவது எவ்வாறு?

திருப்பதி: திரவ எரிபொருள் எஞ்சினை வால்வை மூடி நிறுத்தலாம். திட எரிபொருள் மோட்டாரில் அதற்கு வழியில்லை. பற்றவைத்தால் தீரும்வரை எரியும். எனவே, அது எரிய வேண்டிய விதம் தயாரிப்பின்போதே தீர்மானிக்கப்படுகிறது.

சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி உருவான திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. பிஎஸ்எல்வி முதல் நிலையின் சுமார் 139 டன் திட எரிபொருள் இங்குள்ள சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் தயாராகிறது.

கலவையில் இருப்பது என்ன?

எரிவதற்கான ஆக்சிஜனை அம்மோனியம் பெர்குளோரேட் அளிக்கிறது; கலவையில் பெரும்பங்கு இதுவே. அலுமினியத் தூள் வெப்பத்தைக் கூட்டுகிறது. எச்டிபிபி என்னும் ரப்பர் போன்ற பொருள் இவற்றைப் பிணைப்பதுடன் தானும் எரிகிறது. ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால், காற்றில்லாத விண்வெளியிலும் இக்கலவை எரியும்.

எரியும் முறை

எரிபொருளின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை விடப்படுகிறது. தீ அதன் சுவரில் தொடங்கி, விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வெளிப்புறம் நோக்கி நகர்கிறது. துளை வட்டமாக இருந்தால், எரியும் பரப்பும் உந்துவிசையும் படிப்படியாகக் கூடும். நட்சத்திர வடிவத்தில் அமைத்தால், உந்துவிசையை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கலாம். பிஎஸ்எல்வி முதல் நிலை சுமார் 110 விநாடிகளில் எரிந்து முடிகிறது.

விரிசலால் ஆபத்து

அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். எரிபொருளில் விரிசல் இருந்தால், தீ அதனுள் புகுந்து எரியும் பரப்பைப் பெருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் மோட்டாரின் உறையே வெடிக்கக்கூடும். இதனால்தான் எரிபொருள் பகுதிகள் எக்ஸ்-ரே மூலம் சோதிக்கப்படுகின்றன. மாறாக, அழுத்தம் குறைந்தால் உந்துவிசை குறையும். 2025 மே 18-ஆம் தேதி ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி61 ராக்கெட்டின் மூன்றாம் நிலையான திட எரிபொருள் மோட்டாரில் அழுத்தம் குறைந்ததால், இஓஎஸ்-09 செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை.

ஏவுதளத்தில் மட்டுமின்றி, தயாரிப்பிலும் ஆபத்து உண்டு. 2004 பிப்ரவரி 23-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலையில் மோட்டார் பகுதி ஒன்று தீப்பற்றியதில் 6 பேர் உயிரிழந்தனர்.