பெனிசிலினும் மேரி பார்பரும்

விஞ்ஞான வரலாறு என்றதும் கண்டுபிடித்தவர் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்யும் வழக்கம் நம் பாடசாலைகளை விட்டு இன்னும் அகலவில்லை. பெனிசிலின் என்றால் பிளெமிங். பிளெமிங் என்றால் 1928. அம்மருந்து பொதுமக்கள் கைக்கு எட்டிய சில ஆண்டுகளிலேயே அதன் வலிமை குன்றத் தொடங்கிய கதையையோ, அவ்வீழ்ச்சியைக் கணக்கிட்டுக் காட்டிய மேரி பார்பர் என்னும் பெண்மணியையோ நம் மாணவருள் அறிந்தோர் மிகச் சிலர்.

1911இல் பிறந்த பார்பர், இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் பற்றீரியா ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். புண்ணிற் சீழ் கட்டச் செய்யும் ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியே அவர் ஆய்வுப் பொருள். போர்க்காலத்தில் முதன்மையாகப் படைவீரருக்கென ஒதுக்கப்பட்ட பெனிசிலின், போர் முடிந்தபின் பொது நோயாளரிடம் தாராளமாகப் பாய்ந்தது. 1946இல் அங்கு நோயாளரிடமிருந்து பெற்ற இக்கிருமி இனங்களில் நூற்றுக்கு 14 பெனிசிலினுக்கு அடங்காதவை. 1947இன் முற்பகுதியில் அது 38 ஆயிற்று. 1948இல் 59. இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? மருந்தோடு பழகிப் பழகிக் கிருமி அதனைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது என்பது ஒரு விளக்கம். ஒக்ஸ்போர்ட் இரசாயனப் பேராசிரியர் ஹின்ஷெல்வுட் போன்ற பேரறிஞரும் பற்றீரியாக்களின் இத்தகைய இசைவாக்கத்தை வற்புறுத்தி வந்தனர். பார்பரின் ஆய்வோ வேறு திசை காட்டிற்று. ஆய்வுகூடத்தில் மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பழக்கிய கிருமிகள் ஒரு வகை. வைத்தியசாலையில் அகப்பட்டவை முற்றும் வேறு வகை. பின்னவை பெனிசிலினேஸ் என்னும் நொதியத்தைச் சுரந்து மருந்தையே சிதைத்தன. முன்னவையிடம் அந்நொதியம் இல்லை. ஏபிரகாமும் செயினும் இத்தகைய நொதியத்தைப் பற்றீரியாவிற் கண்டறிந்தது 1940இல். முதல் நோயாளியின் உடலிற் பெனிசிலின் ஏறியதோ 1941இல். ஆகவே, மருந்து வருமுன்னரே அதனை அழிக்கவல்ல படைக்கலம் கிருமியுலகில் இருந்தது. மருந்து செய்ததெல்லாம், எளியனவற்றைக் கொன்று வலியனவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்ததே. அவ்வாறு எஞ்சிய ஒரு சில இனங்கள் கட்டிலுக்குக் கட்டில் பரவின. மருத்துவர், தாதியர் மூக்குத் துவாரங்களிற் குடியேறின. பெனிசிலினை ஒருபோதும் பெறாத நோயாளரையும் பற்றின.

இவ்விடத்தில் நம்மவர் சற்று மனங்கூசத்தான் வேண்டும். பார்பர் தம் முடிவுகளை வெளியிட்ட அதே 1948இல், ஆகஸ்ட் மாதத்தில், மாஸ்கோவிற் கூடிய விவசாய விஞ்ஞானக் கழகம், சூழலால் ஈட்டிய குணங்கள் பரம்பரைக்குச் செல்லும் என்ற லைசென்கோவின் கொள்கையை அரச ஆணையின் பலத்தோடு நிலைநாட்டியது. மாற்றுக் கருத்தினர் பதவியிழந்தனர். முற்போக்கென நம்பி அதற்குக் கைதட்டிய இடதுசாரிகள் பல நாடுகளிலும் இருந்தனர். கிருமிக்குக் கட்சியில்லை, கூட்டத்தில் எடுத்த தீர்மானம் அதனைக் கட்டுப்படுத்தவுமில்லை.

எனினும், பார்பரின் கண்டுபிடிப்பு சமுதாய நோக்குடையோருக்கே மிகவும் உவப்பானது. ஒரு நோயாளிக்கு வேண்டாத மருந்தைக் கொடுத்தால் அதன் விளைவை அனுபவிப்பவன் அவன் மட்டுமல்லன். அடுத்த கட்டிலிற் கிடப்பவனுமாவான். மருந்தின் வலிமை தனியொருவர் உடைமையன்று. அது குளத்து நீர் போன்றது. பிரித்தானிய அரசு 1947இல் இயற்றிய பெனிசிலின் சட்டம், வைத்தியரின் சீட்டின்றி அம்மருந்தை விற்பதைத் தடுத்தது. ஆனால் சீட்டெழுதும் கையை யார் தடுப்பது?

வேறொரு வைத்தியசாலையிற் பத்தாண்டு பணியாற்றி 1958இல் ஹமர்ஸ்மித்துக்கு மீண்ட பார்பர், அதற்கும் வழி தேடினார். பெனிசிலின் கொடுப்பது குறைக்கப்பட்டது. ஏனைய நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தனித்துக் கொடாது இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுத்தனர். தொற்றுப் பரவாமற் காக்கும் ஒழுங்குகளும் இறுக்கப்பட்டன. சொந்த விருப்பப்படி மருந்தெழுதிப் பழகிய வைத்தியர்களை ஒரு பொது ஒழுங்குக்கு இணங்கச் செய்வது, கிருமியை வளர்த்துப் பார்ப்பதைக் காட்டிலும் கடினமான காரியமாயிருந்திருக்கும் என எண்ணுகிறோம். பலன் கிட்டியது: அடங்காத இனங்களின் விகிதம் இறங்கிற்று. அவரும் துணைவரும் அதனை 1960இல் வெளியிட்டனர்.

அதே காலத்தில் பெனிசிலினேஸ் சிதைக்கமுடியாத மெதிசிலின் என்னும் புது மருந்து வந்தது. 1961இல், இலண்டன் கொலின்டேல் ஆய்வுகூடத்துப் பற்றிசியா ஜெவன்ஸ் 5,440 ஸ்ரபிலோகொக்கஸ் இனங்களைச் சோதித்து, அவற்றுள் அம்மருந்துக்கும் அடங்காதவை மூன்று எனக் கண்டார். பார்பர் உடனே அவ்வகைக் கிருமிகளை ஆராயத் தொடங்கினார். 1963இற் பேராசிரியரானார், 1965இல் வீதி விபத்தொன்றில் இறந்தார்.