மரத்தைக் காத்த மருந்துகள்

பத்தமடை என்றால் கோரைப்பாயே நினைவுக்கு வரும். நான் இன்று சொல்லப் புகுவதோ, தாமிரபரணிக் கரையூர்களில் அத்தகைய பாய்களை விரித்துப் படுத்த திண்ணைகளின் மரத்தூண்களைப் பற்றி.

வெயில் மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கிறது, மழை அதனை அரித்துச் செல்கிறது, மரம் நரைக்கிறது. ஈரம் தங்கினால் பூஞ்சையும், தொடர்ந்து கரையானும் புகுகின்றன. இதற்கு நம் முன்னோர் எண்ணெயையே நாடினர். படகுகளுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பூசினர்.

1933-ஆம் ஆண்டில், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் இந்தியர் புதுமுறை ஒன்றைக் கண்டார். செம்பு பூஞ்சையைத் தடுத்தது. ஆர்சனிக் பூச்சிகளைக் கொன்றது. குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்தது. கம்பங்கள் முதல் அமெரிக்க வீடுகளின் மரத்தளங்கள் வரை இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் ஆர்சனிக் சிறிது சிறிதாக வெளியே கசிவது பின்னர் புலப்பட்டது. குழந்தைகள் தவழும் தளமல்லவா அது! 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு மரங்களுக்கு இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

ஆகவே, நரைத்த மரத்திற்குப் பூச்சுத் தேடுவோர் இரண்டைக் கருதவேண்டும். வார்னிஷ் மேலே ஏடாகப் படியும். அது வெடித்தால் நீர் உள்ளே சிக்கும். ஆளிவிதை எண்ணெய் மரத்தினுள் இறங்கும். எனினும் அதனை அடிக்கடி பூசவேண்டும். எதைப் பூசினும், முதலில் நரைத்த பகுதியைத் தேய்த்து நீக்கி, மரத்தை நன்கு உலர்த்துதல் இன்றியமையாதது. திண்ணைத் தூணுக்கு நான் எண்ணெயையே தேர்வேன். உழைப்பு மிகுதிதான், ஆயினும் அத்தூணைப் பற்றி நிற்கும் சிறுகைகளுக்கு அதனால் தீங்கில்லை.