கவுண்டருக்கு அந்தப்பக்கம்

'கரண்ட் பில் கட்டியாச்சுங்களா?' பள்ளிபாளையத் தறிக்காரர்களிடையே இந்தக் கேள்விக்கு ஒருகாலத்தில் ஈபி ஆபீஸ், அட்டை, வரிசை, சில்லறை என்று அர்த்தம். கெடு தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். கெஞ்சவோ சண்டை போடவோ கவுண்டருக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள் இருந்தார். இன்று செல்போனில் கட்டிவிடுகிறோம். வரிசை ஒழிந்ததற்காக நான் அழப்போவதில்லை. அந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

சண்டை பழசு. 1997இல் மைக்ரோசாஃப்ட், ஃபர்ஸ்ட் டேட்டாவோடு கூட்டுச் சேர்ந்து பில் வசூலில் இறங்கியபோது அமெரிக்க வங்கிகள் மிரண்டன. பணம் நம்மிடம் இருக்கும், ஆனால் வாடிக்கையாளர் பார்க்கும் முகம் அடுத்தவனுடையதாகிவிடும் என்கிற பயம். 1999இல் சேஸ், ஃபர்ஸ்ட் யூனியன், வெல்ஸ் ஃபார்கோ மூன்றும் சேர்ந்து 'ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிக்கடை போட்டன.

இங்கே பாதை போட்டதே வங்கிகள்தான். அவை பங்குதாரர்களாக உள்ள என்பிசிஐ 2016இல் யுபிஐயைக் கொண்டுவந்தது. வண்டியை ஓட்டிப்போனது ஃபோன்பேயும் கூகுள் பேயும். 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வணிகர் கட்டணமும் கிடையாது. பிறகெதற்கு இத்தனை அடிபிடி? யார் எப்போது எவ்வளவு கட்டுகிறார் என்று தெரிந்துகொள்ளவும், அதே திரையில் கடன் விற்கவும்தான்.

எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் என்பிசிஐ சொன்னது. இரண்டுமே தாண்டிவிட்டன. அவர்களுக்கான கெடு முதலில் 2022 டிசம்பர், அப்புறம் 2024 டிசம்பர், அதற்கும் அப்புறம் 2026 டிசம்பர்.